வைக்கோல் மெஷின் வாங்கும் முன்: மதுரை வட்டார உழவர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மேலூர், அலங்காநல்லூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து உழவர் உற்பத்தியாளர் குழு உறுப்பினர்களுக்கும், அந்த வீடுகளில் மாட்டைப் பார்த்துக்கொள்ளும் சகோதரிகளுக்கும்,



தை அறுப்பு நெருங்கினால் குழுக் கூட்டங்களில் ஒரு பேச்சு தவறாமல் எழும். “வைக்கோல் கட்ட வர்றவன் கேக்குற காசக் குடுத்தே ஓஞ்சு போறோம். நாமளே ஒரு மெஷின் வாங்கிட்டா என்ன?” கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் பதில் பெரும்பாலும் அவசரத்தில் வருகிறது. மானியம் முடியப்போகிறது என்று ஒருவர் சொல்வார், பக்கத்து ஊர்க் குழு வாங்கிவிட்டது என்று இன்னொருவர் சொல்வார், கையெழுத்தாகிவிடும். அந்தக் கையெழுத்துக்கு முன்னால் நீங்கள் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கைச் சொல்லத்தான் இந்த மடல்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் அளவு நிலத்துக்குப் பெரிய மெஷினை வாடகைக்கு எடுப்பதும், சின்ன மெஷினைச் சொந்தமாக வாங்குவதும்தான் கட்டுபடியாகும். நடைமுறையில் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். பெரியதை வாங்க ஆசைப்படுகிறோம். சின்னதை வாங்காமலே விட்டுவிடுகிறோம்.

நம் நிலம் எவ்வளவு என்பதை மறைக்க ஒன்றுமில்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒருவருடைய சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. பெரியாறு பாசனத்தில் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம், 45,041 ஏக்கர். மேலூரும் திருமங்கலமும் சேர்ந்த ஒருபோகப் பகுதி 1,05,002 ஏக்கர். 1895-இல் பெரியாறு அணை கட்டி முடிந்து தண்ணீர் வந்த நாளிலிருந்து இந்த நிலத்தில் நெல்லும் மாடும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. அறுத்த தாளைக் களத்தில் அடித்து, உதறி, படப்புப் போட்டால் வருஷம் முழுக்க மாட்டுக்குக் கவலையில்லை. அறுப்பு மெஷின் வந்ததும் நெல் ஒரே நாளில் வீட்டுக்கு வந்துவிட்டது, வைக்கோல் வயலிலேயே கிடந்துவிட்டது. ஆள் விட்டுப் பொறுக்கினால் கூலி கட்டாது. விட்டுவிட்டால் மாடு பட்டினி. அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டதுதான் டிராக்டருக்குப் பின்னால் பூட்டும் வைக்கோல் சுருட்டும் மெஷின். அதற்கு நாம் பேலர் என்ற பெயரையே வைத்துக்கொண்டோம்.

அது வேலை செய்வதைக் கிட்டே நின்று பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். முன்பக்கம் கம்பிப் பற்கள் சுழன்று தரையில் கிடக்கும் வைக்கோலை வாரி உள்ளே தள்ளும். உள்ளே அது பாய் சுருட்டுவதுபோல் சுருண்டு இறுகும். அறை நிரம்பியதும் டிராக்டரை நிறுத்த வேண்டும். சணல் கயிறு இடமும் வலமுமாக ஓடிச் சுற்றும்; பின்கதவு திறக்கும்; இரண்டடி விட்டத்தில் ஓர் உருளை வரப்போரம் விழும். தூசி அடங்கும்முன் அடுத்த உருளைக்கு வண்டி நகர்ந்திருக்கும். ஜப்பானின் சிறிய நெல் வயல்களில் புழங்கும் இந்தச் சிறு உருளை மெஷின் நம் வரப்புக்கும் நன்றாகவே பொருந்துகிறது. பஞ்சாப் பக்கம் ஓடும் சதுரக் கட்டு மெஷின் நமக்கு வேண்டாம். அதன் விலை பல மடங்கு, இழுக்கப் பெரிய டிராக்டர் வேண்டும், அரை ஏக்கர் துண்டில் அது திரும்புவதற்குள் பொழுது போய்விடும்.

இப்போது கணக்குக்கு வருவோம். நான் போடும் தொகைகள் கணக்குப் போட்டுக் காட்டத்தான். உங்கள் ஊர் ரேட்டை அதே இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

மெஷின் அறுத்த வயலில் ஏக்கருக்கு 80 கட்டு, கட்டு 20 கிலோ என்று வைப்போம். சுருட்டும் மெஷின் மணிக்கு 50 கட்டுப் போடும் என்றால் இரண்டு ஏக்கர்க்காரருக்கு ஒரு போகத்தில் அதற்கு மூன்று மணி நேர வேலைதான். மூன்று மணி நேரத்துக்காக நாலு லட்ச ரூபாய்ச் சாமானை வருஷம் முழுக்கக் கொட்டகையில் நிறுத்துவது யாருக்கும் கட்டாது. தனி ஆள் வாங்குவது பற்றிய பேச்சு இங்கேயே முடிந்தது.

குழுவாக வாங்கினால்? 2017-18-இல் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் 20 பேர் கொண்ட உழவர் ஆர்வலர் குழு ஐந்து சேர்ந்து 100 பேர் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழு ஆனதும், குழுவுக்கு 5 லட்ச ரூபாய் தொகுப்பு நிதியில் பொது இயந்திரம் வாங்கியதும் உங்களில் பலருக்குச் சொந்த அனுபவம். அதே நூறு பேரை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒன்றே முக்கால் ஏக்கர் என்றால் 175 ஏக்கர், 14,000 கட்டு. டீசல், கயிறு, டிரைவர் கூலி போகக் கட்டுக்கு 15 ரூபாய் நின்றால் ஒரே போகத்தில் 2,10,000 ரூபாய். இரண்டு போகத்தில் மெஷின் விலை வந்துவிடும். கூட்டத்தில் இந்தக் கணக்கைச் சொன்னால் கை தட்டுவார்கள்.

ஆனால் 14,000 கட்டுக்கு 280 மணி நேரம் வேண்டும். பனி காய்ந்த பிறகுதான் சுருட்ட முடியும். ஆக ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம். கணக்கு 40 நாளில் போய் நிற்கிறது. ஊரே ஒன்றாக நட்டு ஒன்றாக அறுக்கும் நமக்கு 40 நாள் யார் காத்திருப்பார்? அடுத்த உழவு வந்துவிடும், இல்லையென்றால் ஆட்டுக் கிடை வந்துவிடும். மூன்று வாரத்தில் பாதி வேலைதான் முடியும். வரவும் பாதியாகும், நாலு போகம் ஓடினால்தான் போட்ட முதல் வரும். ஒருபோகப் பகுதியில் நாலு போகம் என்பது நாலு வருஷம். வருஷா வருஷம் வைகையில் தண்ணீர் வரும் என்று யார் எழுதிக் கொடுப்பார்?

இதனால் குழு மெஷின் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. குழுவிடம் ஏற்கெனவே டிராக்டர் இருக்க வேண்டும். அந்த டிராக்டரின் குதிரைத் திறன் மெஷின் கேட்பதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். மெஷினைத் தெரிந்த ஒரு டிரைவர் சம்பளத்துக்கு நிலையாக இருக்க வேண்டும். கயிறு சுற்றும் பகுதி மக்கர் செய்தால் மறுநாளே ஆள் வந்து பார்க்கிற தூரத்தில் சர்வீஸ் இருக்க வேண்டும். வெளியூர் வாடகைக்கும் அனுப்ப மனம் வேண்டும். இந்த ஐந்தும் இருந்தால் வாங்குங்கள். மூன்றுதான் இருக்கிறதென்றால் வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம்.

வாடகைக்கு எடுப்பதிலும் குழுவுக்கு ஒரு பலம் உண்டு. அதை நாம் பயன்படுத்துவதில்லை. ஒற்றை ஏக்கர்க்காரர் போன் போட்டால் மெஷின்காரர் “பாப்போம்ணே” என்பார். ஒரே மடையில் முப்பது ஏக்கர் அடுத்தடுத்துத் தயார் என்று குழு பேசினால் அவரே ரேட்டைக் குறைத்துக்கொண்டு வருவார். வண்டி ஊர் ஊராக அலையும் டீசல் அவருக்கு மிச்சம். வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை மெஷின்களுக்கு உழவன் செயலி வழியாக முன்பதிவு செய்யும் வசதி இருக்கிறது. கூட்டுறவுக் கடன் சங்கங்கள் சிலவற்றிலும் வாடகைக்கு இயந்திரங்கள் உண்டு. அறுப்புக்கு முந்தின நாள் கேட்காமல், கதிர் பழுக்கத் தொடங்கும்போதே கேளுங்கள்.

வைக்கோல் நட்டத்தில் பெரும்பகுதி சுருட்டும் மெஷின் வருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. அறுப்பு மெஷின் டிரைவருக்கு வேகம்தான் காசு. அவர் கத்தியை உயர்த்திப் பிடித்துக் கதிரை மட்டும் வாங்கிக்கொண்டு போனால், முழங்கால் உயரத் தாள் வயலில் நின்றுவிடும். உங்கள் வைக்கோலில் ஒரு பங்கு அதுதான். மணிக்கணக்கு வாடகையில் தாழ்த்தி அறுத்தால் கொஞ்சம் நேரம் கூடும், செலவும் கூடும். ஆனால் கூடும் கட்டுகளின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னொன்று, வைக்கோலைச் சிதறடிக்கும் அமைப்பு பின்னால் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு வரச் சொல்லுங்கள். வைக்கோல் வரிசையாக விழுந்தால் சுருட்டும் மெஷின் ஒரே ஓட்டத்தில் எடுக்கும். சிதறினால் ஆள் விட்டுக் கூட்ட வேண்டும். இந்த இரண்டு பேச்சையும் வண்டி வயலில் இறங்கும் முன் பேச வேண்டும். இறங்கிய பிறகு பேசினால் சண்டைதான்.

எந்தப் போகத்து வைக்கோலைச் சேமிப்பது என்பதும் முக்கியம். இருபோகத்தில் முதல் போகம் அறுக்கும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை தலைக்கு மேல் நிற்கும். அந்த வைக்கோலை ஈரத்தோடு சுருட்டினால் உருளைக்குள் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சண வைக்கோல் மாட்டைக் கெடுக்கும், அதன் நஞ்சு பாலிலும் இறங்கும். அதை உதிரியாகக் காயவைத்து முதலில் செலவழித்துவிடுங்கள். தை, மாசி வெயிலில் வருவதுதான் சேமிக்கிற வைக்கோல். காய்ந்ததா என்று பார்க்க மெஷின் வேண்டாம். ஒரு பிடி எடுத்து முறுக்கினால் கையில் ஈரம் ஒட்டக்கூடாது. கணுவை நகத்தால் கீறினால் பச்சை தெரியக்கூடாது.

இனி, சொந்தமாக வாங்க வேண்டிய சின்னச் சாமான்கள். என் வரிசை இதுதான்.

முதலில் தார்ப்பாயும் பரணும். இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். உதிரி வைக்கோலை நம் பெரியவர்கள் போட்ட படப்பு தன் உச்சிச் சரிவாலேயே மழையை வழியவிடும். உருளைக் கட்டுக்கு அந்தக் குணம் இல்லை. அடுக்கின் இடுக்கு வழியே தண்ணீர் உள்ளே இறங்கும். கீழ் அடுக்கு தரை ஈரத்தை உறிஞ்சும். கட்டுப் போட்டவர் கூரையும் போட வேண்டும். ஒரு மாட்டுக்கு நாளைக்கு 5 கிலோ வைக்கோல் என்றால் வருஷத்துக்கு 1,825 கிலோ, ஏறத்தாழ 90 கட்டு. இரண்டு மாட்டுக்கு 180 கட்டு. இரண்டடி விட்டமும் மூன்றடி நீளமும் உள்ள உருளை என்றால் 12 அடிக்கு 18 அடி இடத்தில் 10 அடி உயரம் நிற்கும். அவ்வளவு பெரிய கொட்டகை எல்லார் வீட்டிலும் இருக்காது. கல் அடுக்கி, அதன்மேல் பனங்கட்டை போட்டு, மேலே நல்ல தார்ப்பாய் இழுத்துக் கட்டினால் போதும். ஆனால் அது மழைக்கு முன் இருக்க வேண்டும்.

இரண்டாவது, தட்டை நறுக்கும் மெஷின். 2 குதிரைத் திறன் மோட்டார் இரண்டு மூன்று மாட்டுக்குத் தாராளம். முழுத் தட்டையாக, முழு வைக்கோலாகப் போட்டால் மாடு இழுத்துக் காலில் மிதித்து வீணடிப்பது எவ்வளவு என்று தொழுவம் கூட்டுகிறவர்களுக்குத் தெரியும். நறுக்கிப் போட்டால் அந்த வீணடிப்பு வெகுவாகக் குறைகிறது. அப்படி மிஞ்சுவது கூடுதலாகச் சம்பாதித்த வைக்கோலுக்குச் சமம். சுருட்டும் மெஷின் வருஷத்தில் சில மணி நேரம் ஓடும். இது தினமும் ஓடும். விலையிலோ இரண்டுக்கும் மலையளவு தூரம். எதற்கு முதலில் காசு போட வேண்டும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, தோளில் மாட்டும் புல் வெட்டும் மெஷின், நாம் பிரஷ் கட்டர் என்போமே அது. இது உசிலம்பட்டி, பேரையூர், கள்ளிக்குடி மானாவாரிக்காரர்களுக்கு அதிகம் உதவும். நெருக்கமாக விதைத்த தீவனச் சோளம், கொழுக்கட்டைப் புல், வரப்புப் புல் எல்லாவற்றையும் பூப்பூக்கும் பருவத்தில் வெட்டிக் காயவைத்தால் அது நெல் வைக்கோலைவிடச் சத்தான தீவனம். வைக்கோலில் புரதம் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான். இளஞ்சோளத்தை மட்டும் பச்சையாகப் போட்டுவிடாதீர்கள். பூக்கும் முன், அதிலும் வாட்டத்தில் நிற்கும் சோளத்தில் மாட்டைச் சாய்க்கும் நஞ்சு இருக்கும். கடலைக்கொடி, தட்டைப்பயற்றுக் கொடி, வேலிமசால் இவற்றை உச்சி வெயிலில் புரட்டினால் இலை உதிர்ந்து குச்சிதான் மிஞ்சும், சத்தெல்லாம் இலையில். காலைப் பனி இருக்கும்போதே புரட்டிவிடுங்கள்.

நாலாவது சாமானை ஊர்த் தச்சரிடமே செய்துகொள்ளலாம். கென்யாவின் சிறு பால் பண்ணையாளர்கள் மேலும் கீழும் திறந்த ஒரு மரப்பெட்டியை வைத்துக் காய்ந்த புல்லைக் கட்டுகிறார்கள். 85 செ.மீ. நீளம், 55 செ.மீ. அகலம், 45 செ.மீ. ஆழம். கயிற்றைக் குறுக்கே போட்டு, புல்லை அடைத்து, ஏறி மிதித்து, கயிற்றை இழுத்து முடிந்து, பெட்டியைத் தூக்கினால் ஏறத்தாழ 20 கிலோக் கட்டு நிற்கும். மெஷின் வராத மூலைத் துண்டுக்கும் கடலைக்கொடிக்கும் இது போதும். அரை ஏக்கர் தீவனத்துக்காக யாரும் யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

ஐந்தாவதாக, குழு அளவில், அறுத்து வரிசையாகச் சாய்க்கும் ரீப்பர். தாளோடு முழுசாக அறுத்து, நீள வைக்கோல் வேண்டுமென்பவர்களுக்கும் தீவனச் சோளம் நிறையப் போட்டவர்களுக்கும் அது சரி. சுருட்டும் மெஷின் இந்த வரிசையில் கடைசி.

வாங்குகிற வைக்கோலும் விளைகிற வைக்கோலும் பற்றாத வருஷத்தில் இருப்பதைச் சத்தாக்க ஒரு வழி உண்டு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் மூடி 21 நாள் வைக்க வேண்டும். திறந்ததும் வாடை போக ஆறவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கலாம். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்குக் கொடுக்கக்கூடாது. யூரியாத் தண்ணீரை நேராக மாடு குடித்தால் அது விஷம். முதல் தடவை செய்யும்போது கால்நடை மருத்துவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

கயிற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிளாஸ்டிக் கயிறு மலிவு என்று மெஷின்காரர் சொல்வார். அது தீவனத்தோடு வயிற்றுக்குள் போனால் வெளியே வராது. சணல் கயிறே கேளுங்கள். எந்தக் கயிறானாலும் கட்டைப் பிரித்ததும் முழுசாக உருவி எடுத்து ஓர் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை.

ஆபத்தை மானிய விளம்பரங்கள் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். டிராக்டரிலிருந்து மெஷினுக்குச் சுழலும் தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று. மூடியில்லாத தண்டுப் பக்கம் துண்டோ வேட்டியோ சேலை முந்தானையோ போனால் பிடித்து இழுக்க யாருக்கும் நேரம் கிடைக்காது. வைக்கோல் சிக்கிக்கொண்டால் வண்டியை அணைத்த பிறகுதான் கை போக வேண்டும். தட்டை நறுக்கும் மெஷினில் கையை இழந்தவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். வாய்ப் பக்கம் நீளமாக, சக்கரத்துக்கு மூடியோடு, சட்டென்று பின்னோக்கித் திருப்பும் கைப்பிடியோடு இருப்பதையே வாங்குங்கள். இருநூறு ரூபாய் மலிவு என்று மூடியில்லாததை வாங்காதீர்கள். வைக்கோல் ஏற்றிய வண்டி தாழ்ந்த மின்கம்பியில் உரசித் தீப்பிடிப்பதை ஒவ்வோர் அறுப்பிலும் செய்தியில் படிக்கிறோம். வண்டி வருகிற பாதையில் தாழ்ந்த கம்பி இருந்தால் அறுப்புக்கு முன்பே மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுங்கள்.

மானியத்துக்கு வருகிறேன். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு, ஆதிதிராவிடர், பழங்குடியினர், மகளிர் விவசாயிகளுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் மானியம் உண்டு, ஒவ்வொரு கருவிக்கும் ஓர் உச்சவரம்போடு. வாங்கிவிட்டுப் போய்க் கேட்டால் கிடைக்காது. பதிவு செய்து அனுமதி வந்த பிறகுதான் வாங்க வேண்டும். சிறு குறு விவசாயிச் சான்றை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மானியம் விலையைக் குறைக்கும், வேலை நேரத்தைக் கூட்டாது. பாதி விலைக்கு வாங்கிய மெஷினும் மூலையில் நின்றால் நட்டம் நட்டம்தான்.

பெரும்பாலான வீடுகளில் பட்டா கணவர் பெயரில் இருக்கும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும் தீவனம் வைப்பதும் பால் கறப்பதும் மனைவியாக இருப்பார். கூட்டத்தில் மெஷினைத் தேர்ந்தெடுப்பது பட்டா வைத்திருப்பவர்; தினமும் அதோடு மல்லுக்கட்டுவது பட்டா இல்லாதவர். ஒருமுறை அந்தச் சகோதரிகளைக் கூட்டத்தில் உட்கார வைத்து, “உங்களுக்கு எது வேணும்?” என்று கேட்டுப் பாருங்கள். தட்டை நறுக்கும் மெஷின் என்ற பதில்தான் வரும் என்பது என் நம்பிக்கை.

ஆகவே அடுத்த கூட்டத்தில் மெஷின் தீர்மானத்துக்கு முன்னால் நாலு காரியத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதக் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, உறுப்பினர்வாரியாக ஏக்கர், மாட்டு எண்ணிக்கை, அறுப்புத் தேதி. இரண்டு, அடுத்தடுத்த வயல்களாகச் சேர்த்து வாடகை மெஷினுக்கு ஒரே பேரம் பேச இரண்டு பேர். மூன்று, அறுப்பு மெஷின் கத்தி எவ்வளவு தாழ வேண்டும் என்று ஊருக்கு ஒரே நிபந்தனை. நாலு, தார்ப்பாய்க்கும் தட்டை நறுக்கும் மெஷினுக்கும் யார் யார் மானிய மனு போடுவது. ஒரு போகம் இப்படி நடத்திவிட்டு, எத்தனை கட்டு, எவ்வளவு வாடகை, எத்தனை நாள் காத்திருப்பு என்பதை எழுதி வைத்தால், சுருட்டும் மெஷின் வாங்கலாமா வேண்டாமா என்பதற்கு வெளியாள் யாருடைய மடலும் உங்களுக்குத் தேவைப்படாது. கணக்கு வாங்கு என்று சொன்னால் தயங்காமல் வாங்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கால்வாய்த் தண்ணீரையே நம்பியிருக்கும் ஒரு சிறு விவசாயி